சேறும் உப்பும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் தலைப்பிரட்டை இறால் வளர்ப்பது குறித்து

1. கேள்வி

நாற்பது நாள், நன்றாகக் கவனித்தால் எழுபது எண்பது நாள். ட்ரையாப்ஸ் எனப்படும் தலைப்பிரட்டை இறாலின் ஆயுள் அவ்வளவுதான். மழைநீர் தேங்கி வற்றும் குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து முட்டையிட்டு மடிகிற கணுக்காலி இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சிறுவர்கள் இதை வெகுகாலமாக வீட்டில் வளர்த்து வருகிறார்கள். அங்கே உலர்ந்த முட்டைகளைப் பொட்டலமாக விற்கிறார்கள். தண்ணீரில் கொட்டினால் ஓரிரு நாளில் புள்ளி புள்ளியாக உயிர் அசையும்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் ஒரு வீட்டில் இதை வளர்த்தால் அந்தத் தொட்டி நமக்கு என்ன சொல்லும்? பிள்ளைகளின் பொழுதுபோக்கோடு நின்றுவிடுமா, அல்லது நம் காலடி மண்ணையும் நீரையும் பற்றி நம்பத்தக்க ஏதாவது தெரியவருமா? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியை. தொட்டி பேசும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் உள்ளூர்ச் சேற்றையும் மழைநீரையும் கொண்டு, ஒப்பீட்டு முறையில் வளர்த்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. ஒற்றைத் தொட்டியை வைத்துக்கொண்டு தோல் பதனிடும் எந்த டேனரியையும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல முடியாது.

2. உயிரியைப் பற்றி இதுவரை அறிந்தவை

முதுகை மூடிய கவசம், அதன் முன்பகுதியில் நெருங்கி அமைந்த இரு கூட்டுக்கண்கள், அவற்றோடு ஓர் எளிய கண், கவசத்துக்குப் பின்னே நீளும் கணுக்களுடைய உடல், முடிவில் இரண்டு இழைகளாகப் பிரியும் வால். பெயரில் இறால் இருந்தாலும் நாம் உண்ணும் இறாலுக்கு இது நெருங்கிய உறவில்லை. இலை போன்ற கால்களைக் கொண்ட, குட்டைகளில் வாழும் தொன்மையான ஓட்டுமீன் கூட்டத்தைச் சேர்ந்தது. கால்கள் பல பத்து இணைகள். அவை அலையலையாக அசையும்போது நீரும் உணவுத் துகளும் வயிற்றுப்புற நடுப்பள்ளம் வழியாக முன்னோக்கி வாய்க்குச் செல்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் உடலில் ஹீமோகுளோபின் கூடிச் சிவப்பேறும். பெண் இறாலின் பதினோராவது இணைக் கால்களில் முட்டைப் பைகள் உண்டு.

ஆலன் லாங்ஹர்ஸ்ட் 1955இல் வெளியிட்ட மீளாய்வு இதன் வகைப்பாட்டில் ஒரு திருப்புமுனை. உலகெங்கும் தனித்தனிப் பெயரில் விவரிக்கப்பட்டிருந்த பல வடிவங்களை அவர் மிகச் சில இனங்களுக்குள் அடக்கினார். இந்தியாவில் பரவலாகப் பதிவாகியுள்ள இனம் ட்ரையாப்ஸ் கிரனாரியஸ். 1864இல் லூக்கா இட்ட பெயர் அது. ஒரே இனம் என்று கருதப்பட்ட அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மறை இனங்கள் இருப்பதற்கான சான்றை மரபணு ஆய்வு வழியாக கோர்னும் ஹுண்ட்ஸ்டோர்ஃபரும் 2006இல் முன்வைத்தனர். லாங்ஹர்ஸ்ட் சேர்த்ததை மரபணு மீண்டும் பிரிக்கத் தொடங்கியது. துணைக்கண்டத்தின் இவ்வகை ஓட்டுமீன்கள் அனைத்தையும் தொகுத்து ரோஜர்ஸும் பாத்யேயும் 2015இல் எழுதிய மீளாய்வு இன்று தொடங்குவோருக்கு முதல் படி.

‘வாழும் புதைபடிவம்’ என்ற அடைமொழியையும் இங்கே சோதிக்க வேண்டும். முட்டைப் பொட்டலங்கள் இந்தச் சொல்லை வைத்தே விலைபோகின்றன. ஜெர்மனியின் டிரையாசிக் காலப் பாறைகளில் இன்றைய ட்ரையாப்ஸைப் போன்ற வடிவம் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் மேதர்ஸும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட மரபியல் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இன்றைய இனங்கள் அந்தப் பாறைகளைவிட வெகு பிற்காலத்தவை. இக்குடும்பம் பலமுறை கிளைத்துப் பரவியிருக்கிறது. மாறாமல் இருப்பது புற வடிவம் மட்டுமே. இருபது கோடி ஆண்டுகளாக மாறாத பிராணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு. வடிவம் நீடித்தாலும் உயிர் மாறிக்கொண்டே இருந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு வியப்பு குறைவில்லை.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் சொந்த வரலாறு உண்டு. ட்ரையாப்ஸின் உறவினங்களான, கவசமற்ற, மல்லாந்து நீந்தும் ஃபேரி ஷ்ரிம்ப் வகைகள் இங்கே நன்கு ஆராயப்பட்டவை. பிராங்கினெல்லா மதுரையென்சிஸ் என்ற இனம் மதுரையின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்ற தென்னிந்திய இனத்தின் சூழலியலை ஆர். பெர்னிஸ் 1970களின் தொடக்கத்தில் எழுதினார். அதன் முட்டை உருவாக்கத்தையும் முட்டையோட்டுச் சுரப்பியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனுசாமியும் சுப்பிரமணியமும் ஆராய்ந்தனர். நன்னீர் ஃபேரி ஷ்ரிம்புகளின் தொழில்நுட்பப் பயன்களைப் பற்றி டூமோனும் முனுசாமியும் 1997இல் எழுதிய கட்டுரையை இத்துறையினர் இன்றும் நாடுகிறார்கள். குட்டை உயிர்களைத் தொட்டியில் வளர்ப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கத் தேவையில்லை. ஆய்வகத்துக்குள் இருந்தது வீட்டு முற்றத்துக்கு வரவில்லை, அவ்வளவே.

3. முட்டை எதற்காகக் காத்திருக்கிறது

இப்பிராணியின் வாழ்வில் பெரும்பகுதி முட்டைக்குள்தான் கழிகிறது. குட்டை வற்றியபின் சேற்றோடு காய்ந்து கிடக்கும் முட்டை ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வெயில், காற்று, கால்நடைகளின் குளம்படி எல்லாவற்றையும் தாங்கும். மழை வந்ததும் எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் பொரிப்பதும் இல்லை. ஒரு பகுதி பொரிக்கும், மீதி அடுத்த மழைக்கு, அதற்கும் அடுத்த மழைக்கு என்று காத்திருக்கும். ஜப்பானிய வயல்களின் ட்ரையாப்ஸை வைத்துத் தகஹாஷி 1977இல் இந்த மிச்சம் வைக்கும் முறையை விளக்கினார். பாலைவனச் செடிகளின் விதைகளைப் பற்றி டான் கோஹன் 1966இல் முன்வைத்த கணிதக் கோட்பாடும் இதே திசையில் செல்கிறது. குட்டை பாதியில் வற்றிவிட்டால் அந்தத் தலைமுறை போகும், வம்சம் போகாது. விதைநெல்லை முழுதும் விதைத்துவிடாத உழவரின் முன்யோசனை இதில் இருக்கிறது.

பொரிப்பதற்கு மூன்று சமிக்ஞைகள் முக்கியம்: வெளிச்சம், வெப்பம், நீரின் உப்பளவு. நம் கேள்விக்கு மையம் மூன்றாவது. உலர்ந்த முட்டை நன்னீரை உறிஞ்சுகிறது. உள்ளே அழுத்தம் கூடி மேலோடு பிளக்கிறது. வெளியிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால் உள்ளே புகும் நீர் குறைந்து பொரிப்பும் தடைப்படுகிறது. இயற்கையில் இதற்குப் பொருள் உண்டு. புதுமழை நிறைந்த குட்டையில் உப்பு மிகக் குறைவாக இருக்கும், வற்றும் குட்டையில் ஏறிக்கொண்டே போகும். நீர் புதியதா, நாள் மீதமிருக்கிறதா என்பதை உப்பின் அளவை வைத்தே முட்டை அறிகிறது.

இதற்கு நேர் எதிரானது ஆர்டீமியா. மீன் வளர்ப்போர் அனைவருக்கும் தெரிந்த குஞ்சுத் தீவனம் அது. தூத்துக்குடி உப்பளங்களில் வாழ்கிறது. உப்பு அதற்கு வாழ்விடம். ‘சீ மங்கீஸ்’ என்ற பெயரில் 1960களிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட பிராணியும் ஆர்டீமியா வகையே. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, ட்ரையாப்ஸ் தொட்டியில் கல்லுப்புப் போடுவோர் உண்டு. அங்கே எதுவும் பொரிக்காது.

4. இந்த வட்டாரத்தின் நீர்

உப்பு என்று சொன்னதும் தோல் வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. உரித்த பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பிடுகிறார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் ஊறலிலேயே அந்த உப்பு நீரில் இறங்குகிறது. பின் சுண்ணாம்பு, சல்பைடு, அமிலம், குரோம். குரோமியத்தைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அதற்குக் காரணமும் இருக்கிறது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் இன்னும் ஊர் நினைவில் இருக்கிறது. ஆனால் கிணற்றையும் வயலையும் பரவலாகக் கெடுத்தது கரைந்த உப்பு. வேதிச் சுத்திகரிப்பில் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்க முடியும், உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்சவ்வூடுபரவலுக்கும் ஆவியாக்கலுக்கும் சென்றதன் காரணம் இதுவே. அவற்றின் பின்னும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டின் சட்டத்தில் நிறுத்தியது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீடும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சூழலிழப்பு ஆணையம் பாதிக்கப்பட்டோரைக் கணக்கிட்டு இழப்பீடு வகுத்தது. எனினும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டையும் பாலாற்றின் சீரமைப்பையும் குறித்து ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் சென்றது ஏறக்குறைய முப்பது ஆண்டு.

குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வட்டாரத்து வீடுகளில் போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும், கேன் தண்ணீர் குடிக்கவும் என்று பிரிந்து வெகுநாளாயிற்று. ஆர்ஓ இயந்திரம் பழுதுபார்க்க வருபவரின் சட்டைப் பையில், கரைந்த திடப்பொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். பேனா அளவில் இருக்கும் அந்தக் கருவி நம் ஆய்வுக்கும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இங்கே அடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். அவற்றின் வெடிப்புகளில் தேங்கும் நீர், ஆவியாதல் மிகுந்த இந்த வெயில் நாட்டில், டேனரி இல்லாத ஊர்களிலும் உப்பேறுவதுண்டு. போர் நீரின் உப்பு முழுவதையும் தோல் தொழிலின் கணக்கில் எழுதுவது நேர்மையான ஆய்வு ஆகாது.

5. வளர்ப்பு

ஆழமற்ற, அகன்ற பிளாஸ்டிக் தொட்டி போதும். செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. செம்பு இவ்வுயிர்களுக்கு நஞ்சு. கோடையில் வெடித்துக் காய்ந்த மழைக்குட்டையின் மேல்மண்ணைச் சில கரண்டி எடுத்துத் தொட்டியில் பரப்பி, மொட்டை மாடியில் பிடித்த மழைநீரை ஊற்ற வேண்டும். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவி வரும், அதை விட்டுவிட வேண்டும். டேனரி வாய்க்காலின் ஓரத்து மண்ணைத் தொடவே வேண்டாம். பிள்ளைகள் கைபடும் வேலை இது.

நிழலான வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில், டார்ச் ஒளியை நோக்கி வரும் வெண்புள்ளிகள் தெரியலாம். எல்லாம் ட்ரையாப்ஸ் என்று முடிவுகட்டக் கூடாது. விதையிறால், சிப்பியிறால், ஃபேரி ஷ்ரிம்ப், நீர்த்தெள்ளு எல்லாமே அதே மண்ணில் முட்டை வைத்திருக்கும். ஒரு வாரத்தில் கவசமும் இரட்டை வாலும் கொண்டு, அடிமண்ணைக் கிளறிக்கொண்டு திரிவது எதுவோ அதுவே நாம் தேடுவது. முதல் சில நாள் பாசி படிந்த பச்சைநீர் உணவாகும். பின் அவித்த கேரட் துணுக்கு, மீன் தீவனம் சிறிதளவு. மிஞ்சிய உணவு அழுகினால் தொட்டியே போய்விடும். இடநெருக்கடியும் பசியும் வந்தால் ஒன்றையொன்று தின்னும். அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

தோலுரிப்பதை அருகிருந்து பார்க்க வாய்த்தால் விடக்கூடாது. சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென ஒரு மூலையில் ஒதுங்கி உடலை வளைக்கும், நெளியும், கவசம் நெகிழும். சிறிது நேரத்தில் உள்ளிருந்து அதே உருவம் வெளிறிய நிறத்தில் நழுவி வெளியே வரும். விட்டுச்சென்ற சட்டை கண்ணாடிபோல் அடியில் படியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் கால்களின் நுனி மயிர்கூடத் தெரியும். புதிய உடல் இறுகும்வரை மற்றவற்றுக்கு இரையாகும் ஆபத்து அப்போதுதான் அதிகம். புதிய கவசம் இறுக நீரில் கால்சியம் முதலான தாதுக்கள் வேண்டும். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுவோர் தொட்டியில் முட்டை பொரித்தபின் சில நாளில் இறப்பு கூடினால், தாது வறுமையையும் காரணங்களில் ஒன்றாக எண்ண வேண்டும்.

தொட்டியை நுண்வலையால் மூடுவது கட்டாயம். டெங்கு பரவும் ஊரில் திறந்த நீர் வைக்கக் கூடாது. ட்ரையாப்ஸ் கொசுப்புழுவைத் தின்னும் என்பதைக் கலிஃபோர்னியாவில் டீட்ஸும் முல்லாவும் 1991இல் காட்டினர். அதை நம்பி வலையை விட்டுவிடலாகாது. பிராணி முதிருமுன் ஏடிஸ் கொசு முதிர்ந்துவிடும். இந்திய இனத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்பதால், முட்டை வேண்டுமானால் இரண்டும் தொட்டியில் இருக்க வேண்டும். எல்லாம் மடிந்தபின் மண்ணை நிழலில் முழுதாக உலர்த்தித் தேதியிட்ட காகித உறையில் வைத்தால் அடுத்த சுற்றுக்கு ஆயத்தம்.

6. தொட்டி எதற்குச் சாட்சி

இனி மையக் கேள்வி. குட்டை ஓட்டுமீன்களின் இளம் புழுக்கள் நச்சுக்கு மிக விரைவாக எதிர்வினை காட்டுபவை. தாம்னோசெபாலஸ் என்ற ஃபேரி ஷ்ரிம்பின் உலர்ந்த முட்டைகளிலிருந்து பொரித்த புழுக்களை 24 மணி நேரம் நீரில் விட்டு இறப்பைக் கணக்கிடும் முறை, 2011இல் சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது. எனவே இத்தகைய உயிரைக் கொண்டு நீரைச் சோதிப்பது அறிவியலுக்குப் புறம்பான ஆசை ஆகாது.

ஆனால் அந்த முறைக்கும் வீட்டுத் தொட்டிக்கும் இடைவெளி பெரிது. ஒரு குட்டை மண்ணில் எதுவும் பொரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே முட்டையே இல்லாதிருக்கலாம். இருந்தும் அந்தச் சுற்றில் காத்திருக்கலாம். வெளிச்சமோ வெப்பமோ போதாதிருக்கலாம். மீன் விட்ட ஏரியாக இருந்தால் பல தலைமுறைக்கு முன்பே அழிந்திருக்கலாம். பொரித்தது என்றாலும் மண் சுத்தம் என்று பொருளில்லை. முட்டையின் தடித்த ஓடு கருவைப் பல நஞ்சுகளிலிருந்து காப்பதால், மாசுபட்ட மண்ணிலும் முட்டை உயிரோடிருக்கக்கூடும். பொரித்த முதல் நாளின் எண்ணிக்கையைவிட மூன்றாம் நாள் எத்தனை மிஞ்சின என்பதே அதிகம் சொல்லும்.

ஆகவே நம்பத்தக்க வழி ஒப்பீடு. பொரிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரே மண்ணை நன்கு கலந்து சம பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்குக்கு மழைநீர். இன்னொன்றுக்கு வீட்டுப் போர் நீர். மூன்றாவதற்கு, போர் நீரின் டிடிஎஸ் அளவு வரும்வரை உப்புக் கரைத்த மழைநீர். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று தொட்டி. மழைநீரில் பொரித்து மற்ற இரண்டிலும் ஒன்றுபோல் தடைப்பட்டால், காரணம் பெரிதும் உப்பு என்று கொள்ளலாம். உப்பிட்ட மழைநீரில் பொரித்துப் போர் நீரில் மட்டும் மடிந்தால், அந்த நீரில் உப்புக்கு மேல் வேறேதோ இருக்கிறது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த உப்பு எங்கிருந்து வந்தது, எந்த ஆலை எந்த ஆண்டு விட்டது என்பதைத் தொட்டி சொல்லாது. அதற்கு வேதி ஆய்வும் நிலத்தடி நீரோட்ட ஆய்வும் இருக்கின்றன.

குடிமக்கள் செய்யும் சோதனையை நீதிமன்றச் சான்று என்று ஊதிப் பெருக்குவதும், பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவதும் இவ்வட்டாரத்துக்குச் செய்யும் தீங்கே. முப்பது ஆண்டு வழக்காடிய மக்களுக்குத் தங்கள் நீரைத் தாங்களே அளந்து பார்க்கும் பயிற்சி தேவை.

7. பொட்டலமா, சேறா

வெளிநாட்டு முட்டைப் பொட்டலம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வருவது பெரும்பாலும் வட அமெரிக்க இனம். அதன் சில வகைகள் துணையின்றியே இனம் பெருக்கும். ஒரே ஒரு பிராணியோ ஒரு சிட்டிகை உலர்மண்ணோ குட்டையில் சேர்ந்தால் போதும். கலிஃபோர்னிய நெல் வயல்களில் அதே இனம் நாற்றுகளைக் கெடுக்கும் பூச்சியாகக் கருதப்படுகிறது. ஜப்பானிலோ ட்ரையாப்ஸைக் களையெடுக்கும் தோழனாக உழவர் பார்க்கிறார்கள். ஓர் உயிர் ஓரிடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விற்பவரின் அட்டை சொல்லாது. அந்நிய முட்டை ஒருமுறை மண்ணில் கலந்துவிட்டால் பல ஆண்டு அங்கேயே கிடக்கும். எடுக்க வழியில்லை.

உள்ளூர் மண்ணை எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பிரிட்டனில் ட்ரையாப்ஸ் மிகச் சில இடங்களிலேயே மிஞ்சியதால் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. நம் மழைக்குட்டைகளுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. புறம்போக்குக் குட்டை மனைப்பிரிவாகிறது, பள்ளம் கட்டட இடிபாட்டால் நிரம்புகிறது. ஏரிக்கு வழக்குப் போட ஆளிருக்கிறது, இரண்டு மாதம் மட்டும் நீர் நிற்கும் பள்ளத்துக்கு எவரும் இல்லை. ஆகவே கைப்பிடி மண்ணுக்கு மேல் எடுக்க வேண்டாம். வளர்த்ததை வேறு குட்டையில் கொண்டுபோய் விடவும் வேண்டாம்.

மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி, ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரி, வேலூர் ஊரிசு கல்லூரி ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து பாலாற்றுப் படுகைவரை, டேனரிக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள மழைக்குட்டைகளைப் பட்டியலிடுங்கள். அடுத்த கோடையில், தென்மேற்குப் பருவம் தொடங்குமுன், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி உலர்மண்ணை எடுத்து, ஊர்ப்பெயரும் தேதியும் எழுதிக் காகித உறையில் சேமியுங்கள். வாசகர்களும் தங்கள் ஊர்க் குட்டை மண்ணை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மண்ணோடு உங்கள் வீட்டுப் போர் நீரின் டிடிஎஸ் அளவையும் எழுதிக் கொடுங்கள்.